சவர்க்காரம் நுரைத்த சனிக்கிழமை

மலர்க் குழுவுக்கும், குழுவில் சேராமல் ஒதுங்கியிருக்கும் மற்ற வகுப்புத் தோழர்களுக்கும்,

நம் விஞ்ஞான ஆசிரியர் சேருக்கு எண்பது வயது நிறைகிறது, பாராட்டு மலர் போடுகிறோம், ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். கைபேசிக் குழுவில் இதுவரை வந்த பக்கங்களை எல்லாம் படித்தேன். அநேகமாக எல்லாவற்றிலும் ஒரு விளக்கு எரிகிறது. அறிவு விளக்கு, ஞான விளக்கு, அணையா விளக்கு. என்னுடையதில் விளக்கு இல்லை. ஒரு பக்கத்தில் அடங்கவும் மாட்டாது. போடுவதென்றால் முழுதாகப் போடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். சேர் உயிரும் ஹயாத்துமாய், நல்ல நினைவோடு இருக்கும்போதே எழுதுகிறேன். மவுத்தான பிறகு எழுதினால் அதன் பெயர் கோள்.

நீங்கள் எனக்குக் 'கலண்டர்' என்று பட்டம் வைத்திருந்தீர்கள். எதைக் கேட்டாலும் கிழமை சொல்லிப் பதில் சொல்கிறவள் என்பதற்காக. அந்தப் பட்டத்தை நான் மறுக்கவில்லை. தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபர் கடைசியில் இயக்கக்காரர்கள் முஸ்லிம்கள் எல்லோரையும் மன்னாரை விட்டு வெளியேறும்படி சொன்னபோது, என் பையில் இரண்டு சட்டைகளும் ஒரு சி.ஆர். கொப்பியும் இருந்தன. ஒரு நாளைக்கு இரண்டு வரி என்று அதில் எழுதி வந்தேன். அது முடிந்ததும் அடுத்த கொப்பி. நான் இங்கே சொல்லப்போகும் காலம் இரண்டாவது கொப்பியில் இருக்கிறது. வந்த மறு ஆண்டின் கோடை. கச்சான் காற்று மணலை அள்ளிச் சோற்றுக் கோப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்த மாதங்கள்.

எங்கள் குடிசைகள் கற்பிட்டி வீதிக்கு மேற்கே ஒரு தென்னந்தோட்டத்தில் இருந்தன. இன்று அந்தத் தோட்டத்தில் நின்று பார்த்தால் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிகிறது. அன்று தெரிந்தது கிடுகுக் கூரைகள் மட்டும். தோட்டத்துச் சொந்தக்காரியை எல்லோரும் மாமி என்று கூப்பிட்டோம். நாங்கள் வந்திறங்கிய அன்று, மாமி தன் வீட்டில் ஆக்கிய சோற்றை வாளியில் கொண்டுவந்து தன் கையாலேயே பரிமாறினார். இதை முதலில் எழுதிவிடுகிறேன். ஆனால் ஒன்பதாவது மாதத்தில், மாமியின் வாயில் நாங்கள் 'புள்ளைகள்' என்ற நிலையிலிருந்து 'அகதியாக்கள்' என்ற நிலைக்கு வந்திருந்தோம்.

பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். சிறிய வகுப்புகளுக்குக் காலையில் ஊர்ப் பிள்ளைகள், பின்னேரம் நாங்கள். பொதுப் பரீட்சைக்குப் போகும் சாதாரண தர வகுப்பு மட்டும் கலந்தது, ஏனென்றால் விஞ்ஞானத்துக்கு ஒரே ஒரு சேர்தான் இருந்தார். ஆகவே நீங்கள் முன்வாங்கிலும் நாங்கள் ஜன்னலோரத்திலும். வெயில் ஜன்னலோரத்தில்தான் விழும்.

அவர் அணுக்களின் பிணைப்பைக் கற்பித்த நாளை நீங்கள் பலர் நெகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அந்த நாள் நினைவிருக்கிறது. அலுமாரியிலிருந்து மண்ணெண்ணெய் நிரம்பிய சிறு போத்தலை எடுத்தார். உள்ளே புளியங்கொட்டை அளவில் சாம்பல் நிறக் கட்டிகள். ஒன்றைக் கத்தியால் சீவினார். வெட்டிய முகம் ஒரு கணம் வெள்ளிபோல் மின்னி மங்கிவிட்டது. பீங்கான் கோப்பைத் தண்ணீரில் போட்டதும் அது சீறிக்கொண்டு வட்டமாய் ஓடி, மஞ்சள் நெருப்பு பற்றி, 'டப்' என்று அணைந்தது. மண்ணெண்ணெய் மணமும் ஏதோ கருகிய மணமும் பின்னேரம்வரை என் முக்காட்டில் இருந்தன.

"சோடியத்தப் பாருங்க," என்றார் சேர். "வெளிச்சுற்றில ஒரே ஒரு இலத்திரன். அத வெச்சிக்கிட்டு ஒரு இடத்தில நிம்மதியா இருக்க ஏலாது. எங்க போட்டாலும் குழப்பம். நம்மட அகதியாக்கள் மாதிரி."

நீங்கள் சிரித்தீர்கள். முன்வாங்கில் இருந்த ஒருவர், இன்று குழுவின் நிர்வாகி, மேசையில் தட்டிக்கொண்டு கேட்டார்: "அப்ப குளோரின் ஆரு சேர்?"

"குளோரின் நாமதான். ஒரு இடம் காலியா இருந்திச்சி, குடுத்திருக்கம்."

இன்னும் பலமாகச் சிரித்தீர்கள். ஜன்னலோரத்தில் இருந்த எங்களிலும் இரண்டு பேர் சிரித்தார்கள். அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

ஆனால் அன்று சேர் சொன்ன இன்னொன்று மிகவும் சரியானது. தண்ணீரில் எரிகிற உலோகம் சோடியம். சுவாசித்தால் கொல்கிற வாயு குளோரின். இரண்டும் பிணைந்தால் உப்பளத்தில் வாரி எடுத்துச் சோற்றில் போடுகிற உப்பு. "அதே சோடியம்தான் பிள்ளைகள். தனியா நிண்டா ஒரு குணம், சேர்ந்து நிண்டா வேற குணம். ஆள் ஆரெண்டு மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீங்க, ஆரோட பிணைஞ்சிருக்கான் எண்டு பாருங்க." நான் அதைக் கொப்பியில் எழுதி இரண்டு கோடு கீறினேன். இந்த வசனத்தை நீங்களும் ஞாபகத்தில் வைத்திருங்கள். சேர் வைத்திருக்கவில்லை.

இனிக் கிணறு.

தோட்டத்தின் கீழ்ப்புறத்தில் இருந்த ஒரு கிணற்றில்தான் எங்கள் வரிசையில் பதினான்கு குடிசைகளும் தண்ணீர் அள்ளின. மாமி வீட்டு உடுப்புகளும் அங்கேதான் துவைக்கப்பட்டன. கோடை முற்ற முற்ற அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைப்பதை நிறுத்தியது. நிவாரணத்தில் கிடைத்த நீளமான மஞ்சள் கட்டி அது. நூலால் அறுத்து வீட்டுக்கு வீடு பகிர்வோம். எவ்வளவு தேய்த்தாலும் நுரைக்குப் பதிலாகச் சாம்பல் நிறத்தில் திரிதிரியாகத் திரண்டு வரும். அது துணியில் அப்பும், தலைமயிரில் பிசுபிசுக்கும், வாளி விளிம்பில் வளையமாய்ப் படியும். காய்ந்த சட்டை கிடுகுபோல் விறைத்திருக்கும்.

"நீங்க வாறதுக்கு முந்தி இந்தத் தண்ணி பால் மாதிரி," என்று ஒரு நாள் கிணற்றடியில் சொன்னார் மாமி.

"இப்ப தயிர் மாதிரி மாமி. பால் கிடந்தா தயிராகிறதுதானே," என்றார் என் மூத்த சகோதரியான ராத்தா.

வரிசைப் பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். மாமி சிரிக்கவில்லை. உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ராத்தாவுக்கு அப்போது இருபது வயது. உம்மா அன்று அவரை ஏசினார். "நாம நிக்கிறது அவட மண்ணில. வாயக் கொஞ்சம் சுருக்கு."

"மண்ணுதான் அவட. வாய் என்ட," என்றார் ராத்தா.

கிணறு வற்றி வந்தபோது வரிசை ஆண்கள் இறங்கிச் சேறு எடுத்தார்கள். தண்ணீர் இரண்டு நாளாகியும் தெளியவில்லை. மன்னாரில் எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. சேறு எடுத்ததும் நீற்றிய சிப்பிச் சுண்ணாம்பைச் சாக்கில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, கயிற்றை அசைத்து அசைத்துக் கரைய விடுவார்கள். தண்ணீர் பால்போல வெளுக்கும், பிறகு அழுக்கையும் இழுத்துக்கொண்டு அடியில் படியும். ஊரில் எல்லா வீட்டிலும் செய்வது. யாரையும் கேட்டுச் செய்வதில்லை. இங்கேயும் யாரையும் கேட்க வேண்டும் என்று ராத்தாவுக்குத் தோன்றவில்லை. களப்போரச் சூளையில் சுண்ணாம்பு வாங்கிவந்து, ஒரு வியாழக்கிழமை பின்னேரம் இறக்கினார். கயிற்றின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்.

வெள்ளிக்கிழமை காலையில் மாமி வெளுத்த தண்ணீரைப் பார்த்தார். "என்னத்தையோ கொட்டியிருக்காளுகள்," என்று அவர் சொன்னது வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டது. என்னத்தை என்று அவருக்குத் தெரியாது. அன்றிலிருந்து தன் வீட்டு உடுப்பை அந்தத் தண்ணீரில் துவைக்க விடவில்லை. எங்கள் வரிசையில் யாரும் வாய் திறக்கவில்லை.

திறந்தது நான்தான். திங்கட்கிழமை, விஞ்ஞானப் பாடத்தில்.

ஊரெல்லாம் கிணற்றுக் கதையாக இருந்ததால், சேர் அன்று சவர்க்காரம் நுரைக்காத வன்னீரைப் பற்றிக் கற்பித்தார். சவர்க்காரத்தின் துகளுக்கு ஒரு நீண்ட வாலும் ஒரு தலையும் உண்டு. தலையில் மறை மின்னேற்றம். அதன் பக்கத்தில் நிற்கும் சோடியத்துக்கு ஒரே ஒரு நேரேற்றம், ஆகவே தண்ணீரில் சுலபமாக விலகிப்போகும். கல்சியத்துக்கு இரண்டு ஏற்றம். அது வந்தால் இரண்டு தலைகளை ஒன்றாகப் பிடித்துக் கரையாத பிசுக்காக்கிவிடும். அதுதான் அந்தச் சாம்பல் திரி. அழகாகப் படம் போட்டுக் கற்பித்தார், மறுக்கவில்லை.

"அப்ப கிணத்துக்குக் கல்சியம் எங்கிருந்து வருது? சொல்லுங்க பார்ப்பம்."

நிலத்துக்கு அடியில் இருக்கும் சுண்ணக்கல்லிலிருந்து. அவர் எதிர்பார்த்த விடை அதுவாக இருக்க வேண்டும். யாரும் கை தூக்கவில்லை. ஒன்பது மாதமாக ஜன்னலோரத்தில் இருந்த எனக்கு, உங்களுக்குத் தெரியாத ஒன்று தெரிந்திருந்தது. கை தூக்கினேன்.

"சுண்ணாம்பில இருந்து, சேர். எங்கட ராத்தா கிணத்துக்குச் சுண்ணாம்பு போட்டவ."

சேர் சோக்குக் கட்டியைக் கீழே வைத்தார். "ஆ," என்றார். பிறகு மெதுவாகச் சிரித்தார். "அப்ப பிரச்சினை முடிஞ்சிது."

மணி அடிக்கும்வரை நீங்கள் பொறுக்கவில்லை. யார் முதலில் மாமியின் வீட்டுக்கு ஓடியது என்று எனக்குத் தெரியும். அவர் மலருக்கு எழுதிய பக்கத்தில் இரண்டு விளக்குகள் இருக்கின்றன.

விசாரணை அந்த வாரத்து வெள்ளிக்கிழமை, பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு மாமியின் முற்றத்தில் நடந்தது. பள்ளிவாசல் தலைவரான மரைக்கார் கதிரையில் இருந்தார். ஊர் ஆண்கள் ஒரு பக்கம், எங்கள் ஆண்கள் ஒரு பக்கம். பெண்கள் பாய் மறைப்புக்குப் பின்னால். நான் மட்டும், சேர் கூப்பிட்டதால், மறைப்புக்கு வெளியே. எங்கள் வரிசைக்குக் கிணறு இருக்குமா இல்லையா என்பதுதான் கேள்வி. அந்தக் காற்றில், அந்த வெயிலில், அதற்கு அடுத்த கிணறு பள்ளிவாசல் மேட்டில், முக்கால் மைல் தொலைவில் இருந்தது.

"மகள், சுண்ணாம்பு போட்டது உண்மையா?" மறைப்பைப் பார்த்துக் கேட்டார் மரைக்கார்.

"ஓம், போட்டேன்," என்றது ராத்தாவின் குரல். "எங்கட ஊர்ல தெளியிறதுக்குப் போடுற. போட்ட பொறகு தண்ணி நல்லாத்தான் இருந்திச்சி. சவுக்காரம்கூட..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க மகள்."

"அதத்தான் சொல்றன்."

"இப்பவும் வாயப் பாருங்க," என்றார் மாமி.

சேர் இரண்டு போத்தல்களோடு வந்திருந்தார். இரண்டிலும் சவர்க்காரச் சீவல்களைப் போட்டுக் குலுக்கினார். பள்ளிவாசல் கிணற்றுத் தண்ணீர் கழுத்துவரை நுரைத்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சாம்பல் திரி. போத்தல் கைக்குக் கை போய் வந்தது.

"கல்சியம் இருந்தா சவுக்காரம் நுரைக்காது. சுண்ணாம்பில இருக்கிறது கல்சியம். சுண்ணாம்பு போட்டிருக்கு. நுரைக்கல்ல. இதுக்கு மேல நான் என்ன சொல்ல இருக்கு?" பிறகு என்னைக் காட்டினார். "இந்தப் புள்ளயே வகுப்பில சொன்னதுதானே."

அதுவரை ராத்தாவுக்கு அது தெரியாது. பாய் மறைப்பின் ஓரம் விலகியது. அவர் என்னைப் பார்த்தார். ஏசவில்லை. ஏசியிருந்தால் அந்தப் பார்வையை இவ்வளவு காலம் தூக்கிக்கொண்டு திரிந்திருக்க மாட்டேன்.

அன்றே கிணற்று வாய்க்குப் பலகை போட்டுப் பூட்டினார்கள். ஊர் ஆண்கள் போனதும் எங்கள் ஆட்கள் தொடங்கினார்கள். "நாக்கு நீட்டினவ தண்ணி தூக்கட்டும்" என்று ராத்தாவைக் காட்டினார்கள். தண்ணீருக்குப் போக முடியாத கிழவர்கள் இருந்த மூன்று வீடுகளுக்கும் எங்கள் வீட்டுக்கும் சேர்த்து, பள்ளிவாசல் மேட்டிலிருந்து ராத்தா சுமந்தார். தண்ணீர்த் தகரத்துக்குக் கம்பியில் கட்டிய கைபிடி. அது உள்ளங்கையில் போட்ட கோடு சிவந்து, கொப்புளித்து, கறுத்தது. நான் கூடப் போகிறேன் என்றால், "நீ படி. உனக்குத்தான் எல்லா விடையும் தெரியுமே," என்பார். மழை வரும்வரை தூக்கினார். இன்றும் அவருக்கு இடது தோளை முழுதாக உயர்த்த முடியாது.

மழை பெய்து கிணறு நிரம்பியதும் மாமி தானே பூட்டைக் கழற்றினார். சவர்க்காரம் நுரைத்தது. சுண்ணாம்பு கழுவுப்பட்டுப் போய்விட்டது என்றார்கள். சேர் அதற்கும் தலையாட்டினார்.

முப்பது வருடங்களுக்கு மேல் நானும் அதை அப்படியே நம்பியிருந்தேன். பிறகு என் மகள் உயர்தரத்துக்கு இரசாயனவியல் எடுத்தாள். கையில் அகப்பட்டதை எல்லாம் படிக்கிறவள் நான். அவளுடைய புத்தகங்களையும் படித்தேன்.

முதலில் தெரிந்துகொண்டது, அணுக்களுக்கு ஆசை கிடையாது என்பது. சோடியம் கொடுக்க விரும்பிக் கொடுப்பதில்லை. அதனிடமிருந்து இலத்திரனைப் பிடுங்கச் சக்தி செலவாகிறது. பிடுங்கப்பட்டதும் பிடுங்கியதுமாகிய நேரயனும் மறையயனும் நெருங்கி அடுக்கடுக்காக நிற்கும்போது அதைவிட அதிகமான சக்தி வெளியேறுகிறது. அதனால்தான் உப்பு நிலைத்து நிற்கிறது. மற்றப் பிணைப்புகளிலும் அதே கணக்குத்தான். தனித்தனியாக நிற்பதைவிடச் சேர்ந்து நிற்பதில் சக்தி குறைவு, ஆகவே சேர்கின்றன. சேரும்போது வெப்பம் வெளிவரும். பிரிக்க எப்போதும் செலவு. கொடுத்தவன், வாங்கினவன், இடம் தந்த குளோரின் எல்லாம் சேருடைய சொந்தச் சரக்கு.

இரண்டாவதாகத் தெரிந்துகொண்டதைப் படித்த அன்று நான் சமைக்கவில்லை.

வன்னீரை மென்மையாக்கும் வழிகளில் ஒன்று, அதில் நீற்றிய சுண்ணாம்பை அளவோடு போடுவது. ஓம், கல்சியத்தை அகற்றக் கல்சியம். சுண்ணக்கல்லிலிருந்து வந்த கல்சியம் தண்ணீரில் இருகாபனேற்று என்ற கூட்டாளியோடு கரைந்து திரிகிறது. சுண்ணாம்பில் இருக்கும் கல்சியத்தோடு நிற்பதோ ஐதரொட்சைட்டு. இது உள்ளே போனதும் இருகாபனேற்றின் ஐதரசனைப் பிடுங்கித் தண்ணீராகிவிடும். மிஞ்சுகிற காபனேற்று, பழைய கல்சியத்தையும் புதிதாக வந்த கல்சியத்தையும் சேர்த்துப் பிடித்து, கரையாத வெள்ளைத் தூளாய் அடியில் படியும். வந்தவனும் இருந்தவனும் ஒன்றாகவே கீழே போவார்கள். மேலே நிற்கும் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்கும். அடியில் புதுத் தண்ணீர் ஊறி வரும்வரை.

ஆரென்று மட்டும் பார்க்காதே, ஆரோடு பிணைந்திருக்கிறான் என்று பார் எனக் கரும்பலகைக்கு முன்னால் சொன்ன மனிதர், மாமியின் முற்றத்தில் கல்சியம் என்ற பெயரை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லியிருந்தால் எப்போதாவது ஒரு நாள் வெட்கப்பட்டிருப்பார். அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கும் அளவுக்கு ராத்தாவை அவர் மதிக்கவில்லை.

ராத்தா இப்போது வண்ணாத்திவில்லுவில் இருக்கிறார். தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"ராத்தா, நீங்க போட்ட சுண்ணாம்பு தண்ணியக் கெடுக்கல்ல. திருத்தியிருக்கு. புத்தகத்தில இருக்கு."

கோழிகளை விரட்டிவிட்டுப் பேசினார்.

"அது எனக்குப் புத்தகமா சொல்லணும்?" என்றார். "போட்டு ரெண்டாம் நாள் உன்ட வெள்ளச் சட்டையத் தோச்சது ஆரு? முழங்கைக்கு நுரை. நீ நுரைய அள்ளி ஊதிக்கிட்டு நிண்ட."

"அப்ப ஏன் நீங்க சொல்லல்ல?"

"சொல்லத்தானே வாயத் தொறந்தன். மரைக்கார் நிப்பாட்டினார்." பிறகு சொன்னார்: "நீயும் அங்கதான் நிண்ட, புள்ள. உன்னை ஆரும் நிப்பாட்டல்ல."

இரண்டாவது கொப்பியை எடுத்துப் பார்த்தேன். வியாழன்: சுண்ணாம்பு இறக்கினோம். வெள்ளி: தண்ணீர் வெள்ளை, மாமி கோபம். சனி: சவர்க்காரம் நன்றாக நுரைத்தது, ராத்தா என் சட்டையைத் துவைத்தார், தலையும் முழுகினோம். ஞாயிறு: இன்றும் நுரை. திங்கள், செவ்வாய்: அதேபடி. புதன்: பக்கத்து வெங்காயத் தோட்டத்தில் இரண்டு நாளாக மோட்டார் ஓடுகிறது, எங்கள் கிணறு இறங்கிவிட்டது, பழையபடி திரி.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு எழுதிய வரி அது. சுண்ணாம்பு போட்ட பிறகு நான்கு நாள் நுரைத்ததும், மோட்டார் ஓடிய பிறகு நின்றதும் கிழமை வாரியாக அந்தப் பக்கத்தில் இருந்தன. அன்று அந்தக் கொப்பி மாமியின் முற்றத்தில், என் கக்கத்தில் இருந்தது. சேரின் கணக்கு அவ்வளவு நேராக இருந்ததால் நான் அதைத் திறக்கவில்லை. என் கண்ணால் கண்ட நுரையைவிடக் கரும்பலகையை நம்பினேன்.

அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து இத்துடன் அனுப்புகிறேன். மலரில் சேருடைய படத்துக்குப் பக்கத்தில் போடுங்கள். தீர்ப்புச் சொன்னவருக்கு அந்தப் பக்கம் தெரியாது, ஓடிப்போய்ச் சொன்ன உங்களுக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது. கையெழுத்து என்னுடையது.